மலாய்ப் பண்பாடு: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில் வாழும் தமிழன் என்பதால் தமிழ்நாட்டு உறவினர்கள், சுற்றுலாவுக்கு வரும் நண்பர்கள், இங்கேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் என எல்லாரும் மலாய்க்காரர்களைப் பற்றி ஒரே மாதிரியான சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். பக்கத்து வீட்டில் தலைமுறை தலைமுறையாக இருப்பவர்களைப் பற்றி நமக்கு இவ்வளவு குறைவாகத் தெரிந்திருப்பது எனக்கு வருத்தம் தரும் விஷயம். அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, எனக்கு உறுதியாகத் தெரிந்ததைப் பதிலாகத் தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

மலேசியாக்காரங்கன்னா எல்லாரும் மலாய்க்காரங்கதானே?

இல்லை. மலேசியர் என்பது குடியுரிமை, மலாய்க்காரர் என்பது இனம். நானும் மலேசியன்தான், ஆனால் மலாய்க்காரன் இல்லை. சீனர்கள், இந்தியர்கள், தீபகற்பத்தின் ஓராங் அஸ்லி பூர்வகுடிகள், சபா சரவாக்கின் கடசான், ஈபான் மக்கள் எல்லாரும் மலேசியர்களே.

மறுபக்கம், மலாய்க்காரர்கள் மலேசியாவுக்குள் மட்டும் இல்லை. தென் தாய்லாந்தின் பட்டாணி, இந்தோனேசியாவின் ரியாவ், ஜாம்பி, பாலெம்பாங், மேற்குக் கலிமந்தான், அப்புறம் புருணை, சிங்கப்பூர் என்று பரந்திருக்கிறார்கள். இலங்கையில் இருக்கும் மலாயர்கள் டச்சுக்காரர்கள் காலத்தில் ஜாவாவிலிருந்தும் சுற்றுத் தீவுகளிலிருந்தும் படைவீரர்களாகவும் நாடு கடத்தப்பட்டவர்களாகவும் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். 1869-லேயே கொழும்பில் அவர்கள் அரபு எழுத்தில் ஒரு மலாய்ப் பத்திரிகை நடத்தியிருக்கிறார்கள்.

அவங்களுக்குக் குடும்பப் பேரே கிடையாதா? எப்படிக் கூப்பிடறது?

கிடையாது, நம்மைப் போலத்தான். ஆணுக்கு 'பின்', பெண்ணுக்கு 'பிந்தி' போட்டு அப்பா பெயர் வரும். அகமட் பின் யூசோப் என்றால் அவரை அகமட் என்றுதான் கூப்பிட வேண்டும், 'மிஸ்டர் யூசோப்' என்றால் அவருடைய அப்பாவை அழைக்கிறீர்கள் என்று அர்த்தம். அலுவலகத்தில் ஆண்களுக்கு 'என்சே', திருமணமான பெண்களுக்கு 'புவான்'. கம்பத்திலோ (கிராமத்திலோ) கடையிலோ என்றால் வயதைப் பார்த்து 'பாக் சே', 'மாக் சே', 'அபாங்', 'காக்' என்று உறவு சொல்லி அழைப்பதுதான் இயல்பு. வெறும் பெயரைச் சொல்லிப் பெரியவர்களைக் கூப்பிடுவது இங்கேயும் மரியாதைக் குறைவுதான்.

'ஆடாட்', 'ஆடாட்'னு சொல்றாங்களே, அது மதமா சட்டமா?

ஆடாட் என்பது வழக்காறு. எப்படி உட்காருவது என்பதில் தொடங்கி, யாருக்கு நிலம் போகும், அரசர் எப்படிப் பதவியேற்பார் என்பதுவரை எல்லாம் அதற்குள் வரும். "பிள்ளை செத்தாலும் சாகட்டும், ஆடாட் சாகக் கூடாது" என்று ஒரு மலாய்ப் பழமொழி உண்டு, எவ்வளவு கடுமையாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்பது அதிலேயே தெரியும்.

அன்றாடத்தில் நீங்கள் பார்ப்பது சின்னச் சின்ன விஷயங்கள்தான். ஒருவரைச் சுட்டிக்காட்ட ஆள்காட்டி விரலை நீட்ட மாட்டார்கள், விரல்களை மடக்கிக் கட்டைவிரலால் காட்டுவார்கள். உட்கார்ந்திருக்கும் பெரியவர்களைக் கடந்து போகும்போது உடலைக் கொஞ்சம் வளைத்து, வலது கையைக் கீழே தாழ்த்திக்கொண்டு போவார்கள். கைகுலுக்கியபின் கையை நெஞ்சில் வைத்துக்கொள்வார்கள். ஒரு காலத்தில் வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் நீட்டப்பட்டது வெற்றிலைப் பெட்டி. இன்று வெற்றிலை போடுபவர்கள் மிகக் குறைவு என்றாலும் 'தெப்பாக் சிரே' எனும் அந்தப் பெட்டி இல்லாமல் பெண் கேட்கப் போக மாட்டார்கள்.

மலாய்க் கல்யாணத்துக்கு அழைச்சிருக்காங்க. என்ன நடக்கும், நான் என்ன செய்யணும்?

சமயச் சடங்கு 'ஆக்காட் நிக்கா'. பெண்ணின் தந்தையோ திருமணம் நடத்தி வைக்கும் காஸியோ சொல்ல, மாப்பிள்ளை தடுமாறாமல் ஒரே மூச்சில் ஏற்றுக்கொள்வதாகச் சொல்ல வேண்டும், சாட்சிகள் செல்லும் என்று சொன்னால் கல்யாணம் முடிந்தது. இது பெரும்பாலும் நெருங்கியவர்கள் முன்னிலையில் நடக்கும். உங்களை அழைத்திருப்பது விருந்துக்கும் 'பெர்சாண்டிங்' என்ற சடங்குக்கும். கொம்பாங் என்ற கைப்பறையைத் தட்டிக்கொண்டு, காகிதப் பூ சுற்றிய மங்கார் கழிகளைத் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளையை அழைத்து வருவார்கள். மணமக்களை அலங்கார மேடையில் அமர்த்துவார்கள். அன்று அவர்கள் 'ஒருநாள் அரசர்', அதனால்தான் மாப்பிள்ளை சொங்கெட் ஜரிகைத் துணியும் தலைப்பாகையும் கெரிஸ் கத்தியுமாக உட்கார்ந்திருப்பார். இரு வீட்டாரும் மாற்றிக்கொள்ளும் சீர்த்தட்டுகள் ஒற்றைப்படையில் இருக்கும். மாப்பிள்ளை வீடு ஐந்து தந்தால் பெண் வீடு ஏழாகத் திருப்பித் தருவது வழக்கம்.

விருந்தினருக்கு அவித்த முட்டையைப் பூவோடு சேர்த்துக் கொடுப்பார்கள், 'பூங்கா தெலோர்' என்று பெயர், பிள்ளைப்பேற்றுக்கான வாழ்த்து அது. இப்போது பலர் முட்டைக்குப் பதிலாக மிட்டாயோ கேக்கோ வைக்கிறார்கள். நீங்கள் செய்ய வேண்டியது எளிது: வயிறாரச் சாப்பிடுங்கள், கிளம்பும்போது பணத்தைச் சின்னதாக மடித்து உள்ளங்கையில் வைத்து, வீட்டுக்காரரிடம் கைகுலுக்கும்போது அப்படியே கொடுத்துவிடுங்கள். உறையில் போட்டுக் கொடுத்தாலும் தப்பில்லை. ஆணாக இருந்தால் பெண்களிடம் நீங்களாகக் கை நீட்டாதீர்கள், தலையசைத்து நெஞ்சில் கை வைத்தால் போதும்.

பிள்ளை பெத்தவங்க 44 நாள் வெளிய வரமாட்டாங்களாமே?

பெரும்பாலும் கடைப்பிடிக்கிறார்கள், சிலர் 40 நாளோடு நிறுத்துவார்கள். 'பந்தாங்' என்று பெயர். உடலைச் சூடாக வைத்திருக்க வேண்டும் என்பதுதான் அடிப்படை. காய்ச்சிய கல்லையோ இரும்பையோ மூலிகை இலையோடு துணியில் சுற்றி வயிற்றிலும் இடுப்பிலும் ஒற்றுவார்கள். நீளமான துணியை வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டுவார்கள். வெள்ளரி, தர்பூசணி போன்ற 'குளிர்ச்சி' சாப்பாடு கூடாது. படித்து வேலைக்குப் போகும் பெண்களும் இதை விட்டுவிடவில்லை, வீட்டுக்கே வந்து செய்துவிட ஆள் வைத்துக்கொள்கிறார்கள்.

பந்துன்னா என்ன? எதுகைப் பாட்டுதானா?

நாலு வரிக் கவிதை, உச்சரிப்பில் 'பந்துன்'. முதல் வரியும் மூன்றாம் வரியும், இரண்டாம் வரியும் நான்காம் வரியும் இறுதியில் ஓசை ஒத்துவர வேண்டும். ஆனால் அழகு ஓசையில் மட்டும் இல்லை. முதல் இரண்டு வரி ஏதோ ஒரு காட்சியைச் சொல்லும், சொல்ல வந்த விஷயம் கடைசி இரண்டு வரியில்தான் வரும். எல்லாருக்கும் தெரிந்த ஒன்று:

பீசாங் எமாஸ் டிபாவா பெலாயார்,
மாசாக் செபிஜி டி ஆத்தாஸ் பெத்தி;
ஹூத்தாங் எமாஸ் போலே டிபாயார்,
ஹூத்தாங் பூடி டிபாவா மாத்தி.

பொன்வாழைப் பழம் கப்பலேறிப் போகிறது, பெட்டிமேல் ஒன்று கனிந்திருக்கிறது. பொன்னைக் கடன் வாங்கினால் அடைத்துவிடலாம், செய்நன்றிக் கடன் சாகும்வரை கூடவே வரும். பெண் கேட்கப் போகும்போது இரு பக்கமும் பந்துனிலேயே பேசிக்கொள்வது இன்றும் உண்டு. "உங்கள் தோட்டத்துப் பூ யாருக்காவது பேசி வைக்கப்பட்டதா" என்ற மாதிரிச் சுற்றிவளைத்துக் கேட்பார்கள். மறுப்பதாக இருந்தாலும் அதே மாதிரி மறுக்கலாம், யார் முகமும் வாடாது. 2020-இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் சேர்ந்து விண்ணப்பித்து யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் பந்துனைச் சேர்த்தன.

பொந்தியானாக் நிஜமாவே என்ன பேய்? மோகினி மாதிரியா?

மோகினியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பொந்தியானாக் பிரசவத்தில் இறந்துபோன பெண். நீளத் தலைமுடி, வெள்ளை உடை, வாழைத்தோப்பு, முதலில் கள்ளிமந்தாரைப் பூவின் வாசம், பின்னாலேயே பிண நாற்றம். குழந்தை அழும் சத்தம் தூரத்தில் கேட்டால் அவள் பக்கத்தில் இருக்கிறாள் என்பார்கள். பிடரியில் ஆணி அடித்துவிட்டால் சாதாரண அழகிய பெண்ணாகிக் குடும்பம் நடத்துவாள், என்றைக்கு அந்த ஆணி பிடுங்கப்படுகிறதோ அன்றைக்குப் பழைய உருவம். பழைய பதிவுகளில் இது கொஞ்சம் வேறு: இறந்த தாய்தான் 'லாங்சுயார்', இறந்தே பிறந்த பிள்ளைதான் பொந்தியானாக். அப்படி மாறிவிடாமல் இருக்க, இறந்த பெண்ணின் வாயில் கண்ணாடி மணிகளும் ஒவ்வொரு அக்குளிலும் ஒரு கோழி முட்டையும் உள்ளங்கைகளில் ஊசிகளும் வைத்துப் புதைத்தார்கள். முட்டை விழுந்துவிடுமே என்று கையைத் தூக்கிப் பறக்க மாட்டாள், வாயில் மணி இருப்பதால் அலற மாட்டாள் என்பது கணக்கு.

இன்னொன்று 'பெனாங்காலான்'. உடலைக் கழற்றி வைத்துவிட்டுத் தலையும் தொங்கும் குடலுமாகப் பறந்து வரும், பிரசவம் நடக்கும் வீட்டைத் தேடி வரும். அதனால் வீட்டைச் சுற்றி ஜெருஜு என்ற முட்செடியின் இலைகளைக் கட்டுவார்கள், குடல் சிக்கிக்கொள்ளுமாம். நம் கடலோரங்களிலும் வளரும் கழுதைமுள்ளிதான் அது.

இவை எல்லாமே பிள்ளைப்பேற்றைச் சுற்றியே வருவதைக் கவனியுங்கள். பிரசவத்தில் தாயும் சேயும் சாவது சாதாரணமாக இருந்த காலத்தின் பயம் இது, முன்னால் சொன்ன 44 நாள் காவலுக்கும் அதே பயம்தான் பின்னணி என்று நான் நினைக்கிறேன். கலிமந்தானில் பொந்தியானாக் என்ற பெயரிலேயே ஒரு பெரிய நகரம் இருக்கிறது. 1771-இல் அதை நிறுவியவர் ஆற்றங்கரைப் பேய்களைப் பீரங்கியால் சுட்டு விரட்டினார் என்று கதை.

இஸ்லாத்துல இந்தப் பேயெல்லாம் கிடையாதே, அப்புறம் எப்படி நம்பறாங்க?

இஸ்லாத்தில் ஜின் உண்டு. பழைய ஆவிகள் பலவும் மெல்ல மெல்ல ஜின் என்ற கணக்கில் போய்ச் சேர்ந்துகொண்டன. ஆனால் அதற்கும் அடியில் இன்னும் பழைய ஒரு நம்பிக்கை இருக்கிறது, அதன் பெயர் 'செமாங்காட்'. மனிதன், நெல், படகு, கத்தி எல்லாவற்றுக்கும் உள்ளே ஓர் உயிர்ச்சக்தி இருக்கிறது, அது பயந்தால் ஓடிவிடும், ஓடிவிட்டால் ஆள் நோயில் விழுவான், நெல் பதராகும். பயந்துபோன குழந்தையைக் கோழியைக் கூப்பிடுகிற மாதிரி 'குர் செமாங்காட்' என்று கூப்பிட்டு ஆற்றுவார்கள்.

நெல்லுக்குச் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அறுவடையின் முதல் நாள், அரிவாளை எடுத்தால் நெல்லின் உயிர் மிரண்டுவிடும் என்று, விரல்களுக்கிடையே மறைந்துவிடும் அளவு சின்னக் கத்தியால் ஒவ்வொரு கதிராக அறுத்தார்கள். முதலில் ஏழு கதிரை அறுத்து, துணியில் பச்சைக் குழந்தையைப் போலச் சுற்றி, கூடையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். சிலாங்கூரில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதி வைக்கப்பட்ட பதிவின்படி, அந்த வீட்டுக்காரி மூன்று நாளைக்குப் பிள்ளை பெற்றவளைப் போலவே பத்தியம் இருந்திருக்கிறாள். அறுவடை எந்திரம் வந்தபின் அந்தக் கத்திக்கு வேலையில்லை, சடங்கும் போய்விட்டது.

சமய அறிஞர்கள் இவற்றைப் பல காலமாகக் கண்டிக்கிறார்கள், இளம் தலைமுறை அதைக் காதில் வாங்கவும் செய்கிறது. போமோ எனும் மந்திர வைத்தியரிடம் போவதாக வெளிப்படையாகச் சொல்ல இன்று பலர் தயங்குவார்கள். குர்ஆன் ஓதிச் செய்யும் சிகிச்சை மையங்கள் அந்த இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டன.

காட்டுக்குள்ள புலின்னு பேர் சொல்லக்கூடாதாமே?

ஆமாம். 'பாக் பெலாங்', அதாவது வரிக்காரப் பெரியவர் என்பார்கள். இரவில் பாம்பைப் பெயர் சொல்லாமல் பூச்சி என்று சொன்ன பாட்டிகளிடம் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

குழந்தைகளுக்கு என்ன கதை சொல்வாங்க?

முதலில் வருவது சாங் கன்ச்சில், சருகுமான். ஆற்றைக் கடக்க வேண்டும், முதலைகள் நிறைய. "அரசர் உங்களுக்கு விருந்து தருகிறார், எண்ணிவரச் சொன்னார், வரிசையாக நில்லுங்கள்" என்று சொல்லி ஒவ்வொரு முதுகாகத் தாவி அக்கரைக்குப் போய்விடும். மலாக்காவை நிறுவிய பரமேஸ்வரா ஒரு சருகுமான் தன் வேட்டைநாயை உதைத்துத் தள்ளியதைப் பார்த்துத்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார் என்பது மரபு, மலாக்கா மாநிலச் சின்னத்தில் இன்றும் சருகுமான் உண்டு.

ஆனால் எல்லாம் இப்படி இலகுவான கதைகள் இல்லை. 'பத்து பெலா பத்து பெர்தங்குப்' கதையில் தாய் ஒரு மீன்சினையை ஆசையாகச் சமைத்து வைத்துவிட்டு வெளியே போகிறாள், பிள்ளைகள் அவளுக்கு மிச்சம் வைக்காமல் தின்றுவிடுகிறார்கள். மனமுடைந்த தாய், பிளந்து மூடும் பாறையிடம் போய்த் தன்னை விழுங்கச் சொல்கிறாள், பிள்ளைகள் கதறிக்கொண்டு ஓடிவந்து சேரும்போது பாறை மூடிவிட்டது. அவ்வளவுதான் கதை, சமாதானம் எதுவும் கிடையாது.

சி தங்காங் கதை நம்மவர்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். கடலோடிப் பணக்காரனான மகன், கிழிந்த உடையோடு பார்க்க வந்த தாயை மனைவி முன்னால் தெரியாது என்று சொல்லிவிடுகிறான், தாய் சபிக்க, கப்பலோடு கல்லாகிறான். அந்தக் கல்லான கப்பல்தான் பத்துமலை என்று ஒரு வழக்கு. தைப்பூசத்துக்கு நாம் ஏறும் அதே மலைதான்.

குனோங் லேடாங் இளவரசி என்ன கேட்டாள்?

ஜொகூரில் இருக்கும் 1,276 மீட்டர் உயர மலை குனோங் லேடாங். அதில் வாழும் இளவரசியைப் பெண் கேட்டு மலாக்கா சுல்தான் மாமுட் தூது அனுப்புகிறார் என்று 'செஜாரா மெலாயு' எனும் அரச வரலாறு சொல்கிறது. மலாக்காவின் புகழ்பெற்ற வீரர் ஹாங் துவாவுக்கு வயதாகிவிட்டதால் துன் மாமாட் என்பவர்தான் உச்சிக்கு ஏறுகிறார். பாடும் மூங்கில்களைக் கடந்து போனால், ஒரு கிழவி வந்து இளவரசியின் நிபந்தனைகளைச் சொல்கிறாள்: மலாக்காவிலிருந்து மலைவரை பொன்னால் ஒரு பாலம், வெள்ளியால் ஒரு பாலம், ஏழு தட்டு நிறையக் கொசுவின் இதயம், ஏழு தட்டு நிறையக் கண்ணுக்கே தெரியாத சிற்றுயிரின் இதயம், ஒரு சால் இளம்பாக்குச் சாறு, ஒரு சால் கண்ணீர், கடைசியாக அரசனின் மகன் ராஜா அகமட்டின் ரத்தம் ஒரு கிண்ணம்.

மற்றதெல்லாம் முடியும், ரத்தம் மட்டும் முடியாது என்று அரசன் கைவிடுகிறான். 'மாட்டேன்' என்று ஓர் அரசனிடம் சொல்ல முடியாத இடத்தில் அதை எவ்வளவு நாகரிகமாகச் சொல்லியிருக்கிறாள் பாருங்கள், பந்துனில் மறுப்பதைப் பற்றி முன்னால் சொன்னேனே, அதே மனப்பாங்கு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். போர்த்துகீசியரிடம் மலாக்கா விழுந்தபின், அதே மகன் அகமட்டைக் கொல்லும்படி இதே சுல்தான் மாமுட் உத்தரவிட்டதாக இதே நூல் பின்னால் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் கதை வேறாகிவிடுகிறது.

ஹாங் துவா உண்மையிலேயே இருந்தாரா? அவர் நண்பனைக் கொன்னது சரியா?

2012-இல் வரலாற்றாசிரியர் கூ கே கிம், ஹாங் துவா வாழ்ந்ததற்கு வரலாற்று ஆதாரம் இல்லை என்று சொன்னபோது நாடே விவாதித்தது. 'லக்சமானா' என்ற கடற்படைத் தலைவர் பதவி இருந்தது உறுதி, 15ஆம் நூற்றாண்டில் ரியூக்யூ (இன்றைய ஜப்பானின் ஒகினாவா) அரசுக்குப் போன கடிதங்களிலும் அந்தப் பதவி வருகிறது. நாம் இன்று அறியும் வீரர், நூல்களும் வாய்மொழியும் சேர்ந்து வளர்த்த வீரர்.

கதை இது: பொறாமைக்காரர்கள் கோள் சொல்ல, சுல்தான் விசாரிக்காமலேயே துவாவைக் கொல்லச் சொல்கிறார், முதலமைச்சரான பெண்டஹாரா கொல்லாமல் ஒளித்து வைக்கிறார். நண்பனுக்கு நடந்த அநியாயத்துக்காக ஹாங் ஜெபாட் கலகம் செய்து அரண்மனையையே பிடித்துக்கொள்கிறான். சுல்தான் துவா இல்லையே என்று வருந்த, பெண்டஹாரா உண்மையைச் சொல்ல, துவா வந்து ஜெபாட்டைக் கொல்கிறார். செஜாரா மெலாயுவில் மட்டும் எதிரே நிற்பது ஜெபாட் இல்லை, ஹாங் கஸ்தூரி.

யார் சரி என்பதற்கு அதே செஜாரா மெலாயுவின் தொடக்கத்தைப் பார்க்க வேண்டும். பாலெம்பாங்கில் புக்கிட் செகுந்தாங் குன்றில் இறங்கிய அரசரும் அந்த நாட்டுத் தலைவரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்கிறார்கள்: குடிகள் ஒருபோதும் துரோகம் செய்யக் கூடாது, அரசன் ஒருபோதும் குடிகளை அவமானப்படுத்தக் கூடாது. துவா முதல் பாதியைக் காப்பாற்றினார், இரண்டாம் பாதியை அரசன் மீறினால் என்ன செய்வது என்று ஜெபாட் கேட்டான். பல நூற்றாண்டு துவாதான் நாயகன், விடுதலைக் காலத்திலிருந்து எழுத்தாளர்கள் பலர் ஜெபாட் பக்கம் சாய்ந்தார்கள். என் மனமும் ஜெபாட் பக்கம்தான்.

கெரிஸ் கத்தி ஏன் வளைஞ்சு வளைஞ்சு இருக்கு?

எல்லாம் வளைந்திருக்காது, நேரான கெரிஸும் உண்டு. வளைவு இருந்தால் எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படை. பலவகை இரும்பை அடுக்கி அடுக்கி அடித்துச் சேர்ப்பதால் அலகில் வரி வரியாகக் கோலம் தெரியும். எலுமிச்சைச் சாற்றில் கழுவி, பாஷாணக் கரைசல் தடவினால் அந்தக் கோலம் எழும்பி வரும். முன்னால் சொன்ன செமாங்காட் இதற்கும் உண்டு என்று நம்பியதால்தான் பழைய கெரிஸ்களை அத்தனை பயபக்தியோடு வைத்திருந்தார்கள்.

கிளந்தான்ல ராமாயணம் நிழற்கூத்து ஆடறாங்களாமே, முஸ்லிம்களா?

ஆமாம், முஸ்லிம்கள்தான். 'வாயாங் கூலிட்' என்ற தோல்பாவை நிழற்கூத்து. திரைக்குப் பின்னால் விளக்கின் முன் உட்கார்ந்து 'டாலாங்' ஒருவரே எல்லாப் பாவைகளையும் ஆட்டி எல்லாக் குரலையும் பேசுவார். ஸ்ரீராமன் செரி ராமா, சீதை சித்தி தேவி, ராவணன் மகாராஜா வானா. செரி ராமாவின் பாவை பச்சை நிறம். மக்கள் காத்திருப்பதோ பாக் டோகோல், வாக் லோங் என்ற இரண்டு கோமாளிகளுக்கு. கிளந்தான் வட்டார வழக்கில் அவர்கள் ஊர் வம்பு, அரசியல் எல்லாம் பேசுவார்கள். பாக் டோகோல் மண்ணுக்கு இறங்கி வந்த தேவர், தன் உடம்பு அழுக்கை உருட்டி வாக் லோங்கை உண்டாக்கினார் என்பது கதை. பிள்ளையார் கதை தெரிந்தவர்களுக்கு இந்த இடத்தில் உடம்பு சிலிர்க்கும்.

1990-இல் இஸ்லாமியக் கட்சி மாநில ஆட்சிக்கு வந்தபின், 1991-இல் நிழற்கூத்து, மாக் யோங் போன்ற கலைகள் பொதுவில் நடத்தத் தடை செய்யப்பட்டன. மாக் யோங்கில் பெண்களே அரசன் வேடம் கட்டி ஆடிப்பாடுவார்கள். அதற்கு 2005-இல் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தபோதும் பிறந்த மாநிலத்தில் மேடை இல்லை. 2019-இல் நிபந்தனைகளோடு தளர்த்தினார்கள், ஆண்கள் முன்னால் பெண்கள் ஆடக் கூடாது என்பது அதில் ஒன்று. பெண்கள் ஆடாத மாக் யோங்கை மாக் யோங் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்படின்னா எல்லாம் நம்ம சோழர் கொடுத்ததுதானே?

இந்தக் கேள்வியை நம்மவர்கள் பெருமையோடு கேட்கிறார்கள், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். தொடர்பு உண்மை. 680களில் பாலெம்பாங்கில் வெட்டப்பட்ட கெடுக்கான் புக்கிட் கல்வெட்டின் மொழி பழைய மலாய், எழுத்து பல்லவர் எழுத்து. கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் கோயில் அடித்தளங்கள் உள்ளன. 1025-இல் ராஜேந்திர சோழனின் படை ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் தாக்கியது. ஆனால் கடைசியாகச் சொன்னதைக் கொடை என்று எப்படிச் சொல்ல முடியும்? அது படையெடுப்பு.

எழுத்தையும் கதையையும் எடுத்துக்கொண்டவர்கள் அவற்றைத் தங்கள் கைப்பட வேறாக்கினார்கள். 1303 என்று தேதியிடப்படும் திரெங்கானு கல்வெட்டில் அதே மலாய் மொழி அரபு வடிவ ஜாவி எழுத்தில் இருக்கிறது, அங்கே இஸ்லாம் சட்டமாகிவிட்டது. வாக் லோங்கும் பாக் டோகோலும் எந்தச் சமஸ்கிருத நூலிலும் தமிழ் நூலிலும் கிடையாது. அவர்களைப் படைத்த பெருமை கிளந்தான்காரர்களுக்கே சேர வேண்டும்.

சட்டப்படி யார் மலாய்க்காரர்? ரத்தம் பார்ப்பாங்களா?

மலேசிய அரசியலமைப்பின் 160ஆம் பிரிவு மூன்று விஷயம் கேட்கிறது: இஸ்லாத்தைப் பின்பற்ற வேண்டும், வழக்கமாக மலாய் பேச வேண்டும், மலாய் ஆடாட்டைக் கடைப்பிடிக்க வேண்டும். கூடவே விடுதலைக்கு முன் மலாயாவிலோ சிங்கப்பூரிலோ பிறந்த அல்லது குடியிருந்த தொடர்பு, அல்லது அப்படிப்பட்டவரின் பிள்ளையாக இருத்தல். வம்சம், ரத்தம் பற்றி அதில் எதுவும் இல்லை. ஆகவே ஜாவா, பூகிஸ், மினாங்காபாவ், அரபு, இந்திய முஸ்லிம் வழிவந்த பலரும் மலாய்க்காரர்கள். இஸ்லாத்தை விட்டால் இந்த வரையறைக்குள் இருக்க முடியாது. சிங்கப்பூரில் நாடாளுமன்றத் தொகுதி முறைக்கான வரையறை வேறு மாதிரி: தன்னை மலாய்ச் சமூகத்தவராகக் கருதி, அச்சமூகமும் பொதுவாக அவரை ஏற்றுக்கொண்டால் போதும், மதம் பேசப்படவில்லை.

வரலாறும் இப்படித்தான் நடந்திருக்கிறது. மலாக்கா அரசவையில் குடியேறிய தமிழ் முஸ்லிம் குடும்பம் ஒன்றின் வழியில் வந்த பெண்ணின் மகன்தான் சுல்தான் முசாபர் ஷா. 1510-இல் கொல்லப்பட்ட பெண்டஹாரா துன் முத்தாஹிரும் அதே குடும்பம்தான். நவீன மலாய் எழுத்தின் முன்னோடி என்று போற்றப்படும் முன்ஷி அப்துல்லா அரபு, தமிழ் வழிவந்தவர், சிறுவயதில் தமிழ் கற்றவர்.

மலாக்கா செட்டிகள் மலாய்தானே பேசறாங்க, அவங்க ஏன் மலாய்க்காரர் இல்ல?

மேலே சொன்ன மூன்றில் முதலாவது இல்லை. மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வந்த தமிழ் வணிகர்களின் வழியினர் அவர்கள். பேச்சு மலாய், பெண்கள் கெபாயா உடுத்துவார்கள், சமையலிலும் மலாய்க் கை தெரியும். கும்பிடுவது பிள்ளையாரையும் மாரியம்மனையும். 1781-இல் கட்டிய ஸ்ரீ பொய்யாத மூர்த்தி விநாயகர் கோயில் அவர்களுடையது. மொழியும் உடையும் மட்டும் ஒருவரை மலாய்க்காரராக்கிவிடாது என்பதற்கு இவர்களைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

நெகிரி செம்பிலான்ல சொத்து பொண்ணுங்களுக்கா? இஸ்லாமிய சட்டம் அப்படி இல்லையே?

உண்மைதான், முரண் இருக்கிறது. சுமத்ராவின் மினாங்காபாவ் மக்கள் கொண்டுவந்த 'ஆடாட் பெர்பாத்தே' முறையில் குலம் தாய்வழி. பன்னிரண்டு குலம், ஒரே குலத்துக்குள் கல்யாணம் கூடாது, பூர்வீக நிலம் தாயிடமிருந்து மகளுக்கு. 1909-இல் பிரிட்டிஷார் இதைச் சட்டமாகவே எழுதினார்கள். இஸ்லாமிய முறையில் மகனுக்கு மகளைப் போல இரண்டு பங்கு. இதைச் சமாளிக்கும் வழி, பூர்வீக நிலத்தை மட்டும் குலத்துக்கு விட்டு, சொந்தமாகச் சம்பாதித்ததை மதச் சட்டப்படி பிரிப்பது. எல்லாக் குடும்பத்திலும் இது சுமுகமாக முடிவதில்லை. மாநில ஆட்சியாளரைக்கூட உண்டாங் எனும் நான்கு குறுநிலத் தலைவர்கள் கூடி அரச குடும்பத்திலிருந்து தேர்ந்தெடுக்கிறார்கள்.

பாத்தேக், கெபாயா, ரெண்டாங் எல்லாம் இந்தோனேசியாவுடையதா மலேசியாவுடையதா?

இந்தச் சண்டை அவ்வப்போது வெடிக்கும். 2009-இல் மலேசியாவைப் பற்றிய ஒரு தொலைக்காட்சி விளம்பரத்தில் பாலித் தீவின் பெண்டெட் நடனம் தவறாக வந்துவிட, ஜகார்த்தாவில் போராட்டமே நடந்தது. பெண்டெட் பாலியுடையது, அதில் சந்தேகம் இல்லை. பாத்தேக்கில் ஜாவாவின் மெழுகு வேலைப்பாட்டுக்கு இருக்கும் ஆழத்தை மறுக்க முடியாது, ரெண்டாங் மினாங்காபாவ் சமையல். ஆனால் அந்த மினாங்காபாவ் மக்களே நெகிரி செம்பிலானில் நூற்றாண்டுகளாக இருக்கிறார்கள் என்று இப்போதுதான் பார்த்தோம். கெபாயாவை 2024-இல் புருணை, இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஐந்தும் சேர்ந்து யுனெஸ்கோவில் பதிந்தன, சரியான முடிவு.

சிக்கலின் வேர் 1824. அந்த ஆண்டு லண்டனில் பிரிட்டிஷாரும் டச்சுக்காரர்களும் ஒப்பந்தம் போட்டு நீரிணையின் நடுவே கோடு கிழித்தார்கள், ஜொகூர்-ரியாவ் என்ற ஒரே அரசு இரண்டாகப் போனது. ரியாவில் பென்யெங்காட் என்று ஒரு குட்டித் தீவு இருக்கிறது. மலாய் இலக்கணம் எழுதிய ராஜா அலி ஹாஜி வாழ்ந்த இடம், அவர் பூகிஸ் வழிவந்தவர், இன்று இரு நாடும் தங்கள் புலவர் என்கின்றன. ஜொகூரிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ தஞ்சோங் பினாங் போகும் பெரிய படகில் ஏறி, அங்கிருந்து சின்னப் படகில் கொஞ்ச நேரம் போனால் தீவு வந்துவிடும். மஞ்சள் நிறப் பள்ளிவாசல் ஒன்று தெரியும், முட்டையின் வெள்ளைக்கருவைச் சுண்ணாம்போடு குழைத்துக் கட்டியதாகச் சொல்வார்கள். மலாய்ப் பண்பாட்டைப் பார்க்க எங்கே போகலாம் என்று என்னைக் கேட்பவர்களை நான் முதலில் அனுப்புவது அங்கேதான். பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு போங்கள்.